ஐம்பது மில்லிமீட்டர்

“மாட்டைப் பார்த்துப் பாரம் ஏத்தோணும்” என்று எங்கள் பெரியப்பா சொல்வார். அதற்குப் பின்னால் இன்னொரு பாதி உண்டு. பாலக்காட்டுப் பக்கமிருந்து பொள்ளாச்சிக்கு வைக்கோல் வண்டி ஓட்டியவர் அவர். வண்டிக்காரர்கள் பேச்சு நுகத்தடி மாதிரி, இந்தப் பக்கம் ஒரு மாடு, அந்தப் பக்கம் ஒரு மாடு. எனக்கு ஒரு பக்கத்து மாடுதான் நினைவில் நிற்கிறது. மற்றது, ‘வண்டியைக் குறை சொல்லக் கூடாது’ என்கிற மாதிரி ஏதோ வரும். பதினொரு மாதமாக யோசித்துப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது.

உட்காருங்கள், குமரேசன். அந்த அட்டைப் பெட்டிகளைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள், சாமான்களை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருக்கிறேன். ஜன்னல் அடித்துக்கொள்வதைப் பொருட்படுத்தாதீர்கள். ஆனி பிறந்தால் இப்படித்தான். சுந்தராபுரத்தில் இந்தக் கட்டடத்துக்கு மட்டும் மேற்கே மறைப்பு கிடையாது.

நீங்கள் யாரென்று கீழே வாசலிலேயே சொல்லிவிட்டீர்கள். அது நல்லது. லாரி டிரைவர் மாரப்பனுடைய மைத்துனர். சங்ககிரியில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் வேலை. உங்கள் அக்கா அனுப்பியிருக்கிறார், பதினெட்டாம் தேதி பொள்ளாச்சிக் கோர்ட்டில் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்டுக்கொண்டு வரச் சொல்லி. நியாயம்தான். சைக்கிளில் போன அந்தப் பெண் செத்ததை நேரில் பார்த்தவன் நான் ஒருவன்தான். உங்கள் மாமா ஜெயிலுக்குப் போவதும் போகாததும், மறுபடி ஸ்டீயரிங்கைத் தொடுவதும் தொடாததும் என் வாயில் இருக்கிறது என்று வக்கீல் சொல்லியிருப்பார். சொல்கிறேன். உங்களிடம் எதையும் மறைக்கப்போவதில்லை. ஆனால் சக்கரத்திலிருந்து ஆரம்பித்தால்தான் புரியும். நீங்களும் கையால் கட்டுகிற தொழிலில் இருப்பவர், பொறுமையாகக் கேட்பீர்கள்.

இதுதான் அந்தச் சக்கரம். முன்சக்கரம். கையில் வாங்கிப் பாருங்கள், ஒன்றும் செய்யாது. போலீஸ் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தபோது பெண்ணின் அப்பா வீட்டில் வைத்துக்கொள்ள முடியாதென்று இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். கொடுங்கள், இந்த ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றிக் காட்டுகிறேன். பாருங்கள். கோட்டம் தெரிகிறதா? தெரியாது. கால் மில்லிமீட்டர்கூட இல்லை. அப்படி ஒரு விபத்துக்குப் பிறகும் இருபத்துநாலு கம்பியில் ஒன்று தளரவில்லை. அன்றைக்குப் பேப்பரில் ஒருத்தன் ‘சைக்கிள் சக்கரம் கழன்று’ என்று எழுதினான். கழலவில்லை. உடையவில்லை. இதை மட்டும் நீங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் பத்தொன்பது வருஷம் ஹாலந்தில் இருந்தேன். ஐந்தோவன் என்கிற ஊர். இயந்திரங்களுக்கு உதிரிபாகம் வடிவமைக்கிற வேலை. குளிர்காலத்தில் சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும், வீட்டு நிலவறையில் உட்கார்ந்து சக்கரம் கட்டப் பழகினேன். ரேஸ் சைக்கிள் சக்கரத்தைக் கடையில் மொத்தமாகவும் வாங்கலாம், நடுவில் இருக்கிற ஹப் தனி, கம்பி தனி, வெளிவட்டமான ரிம் தனி என்று வாங்கி ஓட்டுகிறவருக்குத் தகுந்தபடி கையாலும் கட்டலாம். பின்னதைத்தான் நான் செய்கிறேன். மனைவியும் மகனும் அங்கேயே இருக்கிறார்கள். நான் முதலில் போய்ப் பார்க்கிறேன் என்று வந்து இந்த மாடியை எடுத்தேன். வந்து இரண்டரை வருஷம் ஆகிறது. இரண்டு மொழியில் படித்தவன், இரண்டு ஊரில் வாழ்ந்தவன், எதையும் இரண்டு தரம் அளக்காமல் வெட்டமாட்டேன்.

பவதாரிணியைப் பொள்ளாச்சி ரோட்டில் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அங்கே முப்பது நாற்பது பேர் ரேஸ் சைக்கிளில் போவார்கள். டாக்டர்கள், மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகள், கம்ப்யூட்டர்காரர்கள். எல்லாரிடமும் லட்ச ரூபாய் வண்டி. அத்தனை பேரையும் ஒரு பெண் பழைய வண்டியில் தாண்டிக்கொண்டு போவாள். யாரோடும் பேச மாட்டாள். இருபத்தொரு வயது. நாற்பத்தேழு கிலோ. அப்பா செல்லமுத்து கவர்மென்ட் பஸ் டிரைவர், பொள்ளாச்சி – கோயம்புத்தூர் வண்டிதான் ஓட்டுகிறார். அதற்கு முந்தின வருஷம் மாநிலப் போட்டியில் முப்பத்தெட்டு விநாடியில் நேஷனல்ஸ் வாய்ப்பு போயிருந்தது அவளுக்கு. முப்பத்தெட்டு விநாடி. நேஷனல்ஸில் ஒரு மெடல் வாங்கினால் ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டா. அந்த வீட்டில் எல்லாருக்கும் அந்த எண் தெரியும். செல்லமுத்து என்னிடம் முதலில் பேசியதே அதைத்தான்.

அந்த முப்பத்தெட்டு விநாடியை நான் தருகிறேன் என்றேன். சக்கரத்தில் தருகிறேன். காசு வேண்டாம். ஆமாம், ஒரு பைசா வாங்கவில்லை, அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று கேளுங்கள். ஹப்பில் பேரிங்குக்கே ஒரு வாரம் பார்த்தேன். தண்ணீர் புகாத ரப்பர் மூடி இருக்க வேண்டும், ஆனால் அந்த ரப்பர் உரசி வேகத்தைத் தின்னக் கூடாது. கம்பி இருபதா இருபத்துநாலா என்று நாலு நாள். அவள் எடைக்கு இருபது போதும். நம் ரோட்டுக் குழிகளை நினைத்து இருபத்துநாலு வைத்தேன். கம்பியை ரிம்மில் பிடித்து வைக்கிற சின்ன மரை இருக்கிறதே, நிப்பிள், அது அலுமினியத்தில் வரும், பித்தளையில் வரும். அலுமினியம் எடை குறைவு. பித்தளை வேர்வைக்கும் மழைக்கும் அசையாது. அதற்கு மூன்று வாரம் ஆயிற்று எனக்கு. இரண்டு வகையிலும் நாலு நாலு எடுத்து உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு தினமும் பார்த்தேன். கடைசியில் பித்தளை. சிரிக்காதீர்கள். ஒரு உயிர் அதன்மேல் உட்காரப்போகிறது என்றால் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

ரிம்மின் உயரமா? அது ஒரு நிமிஷத்தில் முடிந்த விஷயம்.

உயரம் என்றால், டயரிலிருந்து ஹப்பை நோக்கி இந்தப் பட்டை எவ்வளவு இறங்குகிறது என்பது. சாதாரணமாக முப்பது மில்லிமீட்டர். இது ஐம்பது. பட்டை அகலமாக அகலமாக எதிர்க்காற்றைச் சுலபமாகப் பிளந்துகொண்டு போகும். பக்கவாட்டில் காற்று வந்தால் கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவுதான். லாரிப் பெட்டி உயர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் முப்பதுக்குத்தான் கணக்குப் போட்டிருந்தேன். கம்பிகூட அந்த நீளத்துக்கு வெட்டி வைத்தாயிற்று. அப்புறம் ஒரு நாள் காலையில் ஐம்பது என்று மாற்றிக்கொண்டேன். ரிம் மாறினால் கம்பி நீளமும் மாறும், வெட்டின இருபத்துநாலும் வீண். பரவாயில்லை என்று புதிதாக வெட்டினேன். அதோ அந்த டப்பாவில் பழையது இருக்கிறது.

ஏன் மாற்றினேன் என்றா கேட்கிறீர்கள்? விநாடிதான். முப்பதில் இருபது விநாடிக்கு மேல் கிடைக்காது. ஐம்பதில் நாற்பத்தொன்று என்று கணக்கு வந்தது. தவிர அந்த வாரம்தான் ஸ்டிக்கர் அச்சாகி வந்திருந்தது, ‘திருமூர்த்தி வீல்ஸ்’ என்று என் பேரில், இருநூறு. எழுத்து முப்பத்துநாலு மில்லிமீட்டர் உயரம். முப்பது மில்லிமீட்டர் ரிம்மில் ஒட்டினால் மேலே கீழே மடங்கும். அது ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். விநாடிதான் காரணம்.

கட்டி முடித்த அன்றைக்கு அப்பனும் மகளும் வந்தார்கள். செல்லமுத்து டூட்டி முடித்துக் காக்கிச் சட்டையோடு வந்தார். சக்கரத்தை எடுத்து, ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏனுங்க சார், சும்மா குடுக்கறீங்க, சந்தோசம். அதுக்கு எதுக்குங்க இத்தனை அகலம்? காத்தாடிக்கு றெக்கை வெச்ச மாதிரி இருக்குதுங்க.”

“உங்க பஸ்ஸுல கண்ணாடி ஆடாம இருக்க அட்டையை மடிச்சுச் சொருகி வெச்சிருக்கீங்க, நீங்க சக்கரத்தப் பத்திப் பேசாதீங்கப்பா” என்றாள் பவதாரிணி.

அவர் சிரித்தார். சிரித்துவிட்டுத்தான் சொன்னார். கிணத்துக்கடவு மேம்பாலத்தைப் பற்றி. நாள் ஒன்றுக்கு எட்டு தரம் அந்தப் பாலத்தில் ஏறி இறங்குகிறவர். ஆடியில் அதன்மேல் ஏறினால் ஸ்டீயரிங்கை மேற்கே கொஞ்சம் திருப்பிப் பிடித்துக்கொண்டேதான் போக வேண்டுமாம்.

“பக்கத்துல ஒரு கன்டெய்னர் வந்து மறைச்சுதுன்னு வைங்க, காத்து டக்குனு நின்னு போயிரும். நாம திருப்பிப் புடிச்சது அப்படியே இருக்கும். வண்டி தானா அது மேல போவும். அம்பது பேரோட இருக்கற பஸ்ஸுங்க. இவ நாப்பத்தேழு கிலோ.”

பஸ் ஒரு பெட்டி, இது கத்தி, காற்றை வெட்டிக்கொண்டு போகும் என்று விளக்கினேன். ஹாலந்தில் கடலோரத்தில் இதே ஐம்பதில் நான் ஏழு வருஷம் ஓட்டியிருக்கிறேன் என்றேன். அது உண்மை. அங்கே காற்று காலையில் ஒரு பக்கம் எடுத்தால் சாயங்காலம்வரை அதே பக்கம், அதே பலம். சாய்ந்துகொண்டே போகலாம். நான் எண்பத்திரண்டு கிலோ.

“கத்தின்னா பயந்துக்கத்தானுங்க வேணும்” என்றார். அதோடு விட்டுவிட்டார். படித்தவர் சொல்கிறார் என்று விட்டிருப்பார். காற்று எந்திரிப்பதற்கு முன்னால், காலை ஏழு மணிக்குள் திரும்பிவிட வேண்டும், அது மட்டும்தான் அவர் போட்ட கண்டிஷன்.

ஆனி முழுக்க அவள் இதில் பழகினாள். ஒரே ஒரு நாள் திரும்பி வந்தபோது மணிக்கட்டைப் பிசைந்துகொண்டிருந்தாள். தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டாள்.

“சார், முன்னாடி மட்டும் பழைய சக்கரத்தையே போட்டுக்கட்டுங்களா? பின்னாடி இது இருக்கட்டும்.”

அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. காற்று ஊரில் முன்னால் சின்னது, பின்னால் பெரியது. நாமாகத் திருப்புகிறது முன்சக்கரம்தானே, அதைத்தான் காற்றும் திருப்பும். எனக்குத் தெரியாததில்லை. ஆனால் முதலில் காற்றைப் பிளப்பதும் முன்சக்கரம்தான். ஒரு ஜோடி என்று கட்டினால் ஜோடியாக இருக்க வேண்டும். கைப்பிடியை இறுக்காதே, தளர்வாகப் பிடி, பழகிக்கொள் என்றேன். சரிங்க சார் என்றாள். அதற்கப்புறம் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

டீ குடிக்கிறீர்களா? கீழே சொன்னால் கொண்டுவருவார்கள். வேண்டாமா. சரி.

ஆடி மாதம் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை. ஐந்தேகாலுக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. ஐந்து பத்துக்கே வந்து இந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். நான்தான் விடியட்டும் என்றேன். சக்கரங்களைப் படம் எடுக்க வேண்டியிருந்தது, வெளிச்சம் வேண்டும். ஆறு மணிக்கும் மேகமாக இருந்தது. ஆறு நாற்பதுக்கு ஒரு கீற்று வெயில் வந்தது, எடுத்தேன். நல்ல படம். எழுத்து ஒவ்வொன்றும் படிக்கும்படி இருந்தது. அவள் ஒரு தரம் மணியைப் பார்த்தாள். அவள் முன்னால் போக, நான் காரில் விளக்கை மினுக்கிக்கொண்டு பின்னால் போனேன். பின்னாலிருந்து யாரும் மோதிவிடக் கூடாது என்று. அதையும் நான் யோசித்துத்தான் செய்தேன்.

கிணத்துக்கடவுப் பாலத்தில் ஏறும்போது மணி ஏழு பதினாலு. தெற்கே போகிறோம், காற்று வலதுபுறத்திலிருந்து. பாலத்தின்மேல் மரம் கிடையாது, கட்டடம் கிடையாது. ஏறினதும் அவள் உடம்பு வலது பக்கம் சாய்ந்ததைப் பார்த்தேன். சாய்ந்துதான் ஓட்ட வேண்டும், சரியாகத்தான் ஓட்டினாள். முன்சக்கரம் இடப்பக்கம் ஒரு தரம் உதறியது, இழுத்துப் பிடித்தாள்.

அப்போது உங்கள் மாமாவுடைய லாரி என்னைத் தாண்டியது. ஒரு ஹாரன் கொடுத்தார். ஒன்றுதான். வலது லேனில் முழுசாக ஏறித்தான் போனார். வேகம் ஐம்பதுக்குமேல் இராது. அவளுக்கும் லாரிக்கும் நடுவில் இரண்டு மீட்டர் இருந்தது. எனக்குக் கண் அளவு தப்பாது.

லாரியின் பெட்டி அவளுக்கு நேராக வந்தது. காற்று நின்றது.

இப்படி, பாருங்கள். ஒரு கதவை ஒரு பக்கம் நீங்கள் முழுப் பலத்தோடு தள்ளிக்கொண்டு நிற்கிறீர்கள், அந்தப் பக்கம் தள்ளுகிறவன் சட்டென்று விலகிக்கொள்கிறான். அந்த மாதிரி. அவள் வலப்பக்கம் போனாள். அரை விநாடி. லாரியின் முன்பக்கத்தில் படவில்லை, நடுவிலும் படவில்லை. பின்சக்கரத்தில்தான். உங்கள் மாமாவுக்குத் தெரிந்திருக்கவே முடியாது. பாலம் இறங்குகிறவரை அவர் போய்விட்டு, கண்ணாடியில் என் கார் நிற்பதைப் பார்த்துத்தான் திரும்பி ஓடி வந்தார். நடந்து வரவில்லை, ஓடி வந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவள்மேல் போட்டது அவர்தான். ‘நான் இடிக்கலீங்க, நான் இடிக்கலீங்க’ என்று என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அவள் சைக்கிளைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தேன். முன்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். கோட்டமில்லை.

நீங்கள் போட்டோ எல்லாம் கொண்டுவந்திருக்கிறீர்கள். வேண்டாம், காட்ட வேண்டாம். இடப்பக்கம் பாடியில் ஒரு கீறல்கூட இல்லை, பின்னால் மட்கார்டில் மட்டும்தான் அடி, அதுதானே? பாடி கட்டுகிறவர் கண்ணுக்கு அது உடனே தெரிந்திருக்கும். சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

அப்புறம் ஸ்டேஷன். நான் பொய் சொன்னேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. “லாரி இடிச்சுதுங்களா?” என்று ஏட்டு கேட்டார். லாரி ரொம்பப் பக்கத்தில் வந்தது என்றேன். எவ்வளவு பக்கத்தில் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என் சட்டையெல்லாம் ரத்தம். அவர் எழுதிக்கொண்டே போனார். ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்று ஒரு வரி. அவர்களுக்கு அது ஒரு வாய்ப்பாடு மாதிரி, எல்லா விபத்துக்கும் அதே வரிதான். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று நீட்டினார். நான் முழுக்கப் படித்தேன். படிக்காமல் கையெழுத்துப் போடுகிற வழக்கம் எனக்கு இல்லை. மணி ஏழரை என்று போட்டிருந்தார். ஏழு பதினாலு என்று திருத்தச் சொன்னேன். என் பேரில் ‘ர்’ விட்டுப்போயிருந்தது, அதையும் திருத்தினார். கையெழுத்துப் போட்டேன்.

சக்கரத்தைப் பற்றி அவர்கள் யாரும் கேட்கவில்லை. இன்றைக்குவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உடையவில்லை என்று ஸ்டாண்டில் மாட்டிக் காட்டியிருப்பேன்.

பெரியப்பாவின் பழமொழியைப் பற்றிச் சொன்னேனே. போன வாரம் அவர் மகனுக்கே போன் பண்ணிக் கேட்டேன். மயில்சாமி அண்ணன், ஆனைமலையில் இருக்கிறார். கேட்டவுடனே சொன்னார். “மாட்டப் பாத்து பாரம் ஏத்தோணும், பாக்கறவங் கண்ணுக்கு ஏத்தக் கூடாது.” வைக்கோலைக் கோபுரம் மாதிரி ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்தால் எல்லாரும் நின்று பார்ப்பார்களாம், அதற்காகவே சில பேர் ஏற்றுவார்களாம், வாய்க்கால் திருப்பத்தில் காற்று சாய்த்துவிடுமாம். எனக்கென்னவோ அதுவாகத் தோன்றவில்லை. பெரியப்பா சொன்னது வேறு. அண்ணனுக்கும் எழுபதாகிறது, மறந்துபோயிருக்கும்.

செல்லமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் உங்களை அனுப்ப முடியாது.

காரியமெல்லாம் முடிந்து இருபது நாளைக்கு மேல் இருக்கும். இங்கே வந்தார், காக்கிச் சட்டையோடுதான். டூட்டியில் சேர்ந்துவிட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது. ரூட்டை மாற்றித் தருகிறோம் என்று டிப்போவில் சொன்னார்களாம், வேண்டாம் என்றுவிட்டாராம். சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தார். லாரிக்காரருக்கு இரண்டு பெண் என்று கேள்விப்பட்டேன், பெரியது காலேஜில் படிக்கிறதாமே என்றார். இருபத்தாறு வருஷம் ஓட்டி ஒரு கேஸ் இல்லையாம் என்றார். எல்லாம் விசாரித்து வைத்திருந்தார். இந்த ஜன்னல் அன்றைக்கும் அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து போய் ஒரு காகிதத்தை மடித்து இடுக்கில் சொருகிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“சார், நான் தெனமும் அந்தப் பாலத்துல போறவன். எனக்கு மட்டும் சொல்லுங்க. லாரி இவ மேல ஏறி வந்துச்சுங்களா, இல்ல காத்து நின்னுச்சுங்களா?”

நான் மேஜைமேல் சிதறிக் கிடந்த நிப்பிள்களை எடுத்து டப்பாவில் போட்டேன்.

“காத்து நின்னுருந்தா சொல்லிருங்க சார். அந்த மனுசனைப் போட்டு வதைக்க வேண்டாம். நானும் வண்டி ஓட்டறவன்.”

லாரி ரொம்பப் பக்கத்துல வந்துச்சுங்க என்றேன்.

“சரிங்க” என்றார். “நீங்க பின்னாடியே இருந்து பாத்தவரு. நீங்க சொன்னாச் சரி.”

போகும்போது முன்சக்கரத்தில் கை வைத்து ஒரு தரம் சுற்றிவிட்டார். அது நிற்கிறவரை நின்று பார்த்தார். நல்ல பேரிங், நிற்க நேரமாகும். பிறகு படியிறங்கிப் போனார். அதற்கப்புறம் வரவில்லை. பொள்ளாச்சி ரோட்டில் எப்போதாவது அவர் பஸ் எதிரே வரும். ஒரு கையை லேசாகத் தூக்குவார். நானும் தூக்குவேன்.

இப்போது புரிகிறதா உங்களுக்கு? கோர்ட்டில் காற்று நின்றது என்று சொன்னால், எப்படி நின்றது என்று கேட்பார்கள். எதனால் அவள் அப்படிச் சாய்ந்தாள் என்று கேட்பார்கள். ரிம் எத்தனை மில்லிமீட்டர் என்று உங்கள் வக்கீலே கேட்பார், நீங்கள் போய்ச் சொல்லிவிடுவீர்கள். அங்கே முன் பெஞ்சில் செல்லமுத்து உட்கார்ந்திருப்பார். என்னைப் பற்றிக் கவலை இல்லை. அவருக்கு அதை எதற்குக் கொடுப்பது? ஒரு லாரிக்காரர்தான் காரணம் என்று அவர் மனசை ஒரு மாதிரி சமாதானப்படுத்தி வைத்திருக்கிறார். சமாதானப்படுத்தி வைத்திருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் மாமா சாப்பிடுவதில்லை, வாசலுக்கே வருவதில்லை, ஹாரன் சத்தம் கேட்டால் உள்ளறைக்குப் போய்விடுகிறார் என்று சொன்னீர்கள். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அவர் தப்பு செய்யவில்லை. உங்கள் அக்காவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்: திருமூர்த்தி சார் நேரில் பார்த்தவர், மாரப்பன் மேல் தப்பில்லை என்று அவரே வாயால் சொன்னார். அந்த அம்மாவுக்கு அது ஒரு ஆறுதலாக இருக்கும்.

இல்லை, எழுதித் தர முடியாது. அதெல்லாம் முறையாகக் கோர்ட்டில்தான்.

சம்மனா? வந்தது. அந்த மேஜை டிராயரில் இருக்கிறது. பதினெட்டாம் தேதி, காலை பத்தரை.

எழுந்துவிட்டீர்களா? ஒரு நிமிஷம். அந்தச் சக்கரத்தை ஸ்டாண்டிலிருந்து கழற்றி இப்படிக் கொடுங்கள், அதற்கென்று தனியாக ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். கம்பியில் கை படாமல் ரிம்மைப் பிடித்துத் தூக்குங்கள். ஆமாம், அப்படித்தான்.

பதினேழாம் தேதி காலையில் கொச்சியிலிருந்து ஹாலந்துக்குக் கிளம்புகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன்.